கால்நடை அலமாரி

ஜூன் 2, திங்கள்

நாளை முதல் ஊர் நூலகத்துக்குப் போவதாக இருக்கிறேன். திட்டமில்லாமல் தொடங்கினால் எதையும் பாதியில் விட்டுவிடுகிறவன் என்பதால், முதலில் குறிப்புகள்:

1. நோக்கம், மாலைப் பொழுதைக் கழிப்பது. வேறு நோக்கம் இல்லை.

2. கீழ்த்தளத்தில் தொடங்கி மேல்தளத்தில் முடிப்பது. ஒரு பகுதியைப் பார்த்து முடிக்காமல் அடுத்ததற்குப் போவதில்லை.

3. யாரோடும் பேச வேண்டியிராது. அது பேசும் இடமல்ல.

4. வடிவு இருந்தவரை அங்கே போய்க்கொண்டிருந்தது வார இதழ்களைப் புரட்டத்தான். ஆகவே அவள் எங்கே உட்கார்ந்தாள் என்றெல்லாம் விசாரிக்கத் தேவையில்லை.

5. ஒரு புத்தகத்துக்கு ஓர் இடம்தான் உண்டு. அதன் முதுகில் ஒட்டிய எண் எந்த இடத்தைச் சொல்கிறதோ, அது. இந்த ஒழுங்கை மதிப்பது வாசகனின் முதல் கடமை.

கல்லூரியில் தாவரவியல் நடத்திய காலத்திலும் பாடத்தை இப்படித்தான் முதலில் கரும்பலகையில் எண்ணிட்டு எழுதுவேன். எழுதி முடித்ததும் ஏதோ ஒன்று தவறோ என்ற சந்தேகம் வந்துவிடும். இன்றும் வந்தது. எது என்று தெரியவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

போனேன். நான்கு மணிக்கு, அவள் போகும் நேரத்துக்கு. கீழ்த்தளத்தில் சாய்வு மேசைகளில் நாளிதழ்கள். ஒரு தாளை இரண்டு பேர் இரண்டு பக்கமாகப் படிக்கிறார்கள். பக்கத்தைத் திருப்ப ஒருவர் இருமுகிறார், மற்றவர் தலையாட்டுகிறார். வார இதழ்கள் ஒரு மூலையில் தனி மேசையில். அங்கே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

நூலகர் ஜெசிந்தா என்ற அம்மையார். நடு வயது, உரத்த குரல். அமைதி காக்கவும் என்ற பலகைக்குக் கீழே நின்று தொலைபேசியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். உறுப்பினர் விண்ணப்பம் கேட்டேன். பெயர் ஆவுடைநாயகம் என்று எழுதினேன். முகவரியைப் பார்த்து ஏதாவது கேட்பாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை.

திரும்பி வந்து காப்பி போட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

ஜூன் 5, வியாழன்

சிறுவர் பகுதி முடிந்தது. குட்டி நாற்காலிகள். உட்கார்ந்தால் எழ முடியாது என்பதால் நின்றபடியே பார்த்தேன். சாரல் தொடங்கிவிட்டது, கொடியில் போட்ட வேட்டி இரண்டு நாளாகக் காயவில்லை.

ஜூன் 9, திங்கள்

மேல்தளம். ஒரு பாதி போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு. காலை எட்டு மணிக்கே வந்து கைக்குட்டை, தண்ணீர்ப் புட்டி, குடை என்று எதையாவது வைத்து இடம் பிடித்துவிடுகிறார்கள். மறு பாதி அலமாரிகள். அங்கே மின்விசிறி இல்லாததால் ஆளும் இல்லை.

தாவரவியல் வரிசையில் நான் எழுதிய பாடநூலைப் பார்த்தேன். பணி ஓய்வு பெற்றபோது நானே கொண்டுவந்து கொடுத்தது. தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட இல்லை. யாராவது அங்கேயே நின்று படித்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். தாள் மடிப்பைப் பார்த்தால் அப்படியும் இல்லை.

ஜூன் 11, புதன்

மேல்தள அலமாரிகளில் எண் வரிசை குலைந்து கிடக்கிறது. மண்ணியலுக்குள் சமையல், சமையலுக்குள் சோதிடம். பொறுக்க முடியாமல் ஒரு வரிசையை அடுக்கினேன். பிறகுதான் அனுமதி கேட்கவில்லையே என்ற பதற்றம் வந்தது. இறங்கிப்போய் ஜெசிந்தா அம்மையாரிடம் சொன்னேன். ஆள் போட்டுத் தரமாட்டேன் என்கிறார்கள், நீங்களாவது செய்கிறீர்களே என்று மகிழ்ந்தார். நான் படியேறும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“சார், அடுக்குங்க, நல்லதுதான். ஆனா ரொம்பவும் அடுக்கிராதீங்க.”

சிரித்தபடி சொன்னார். வேடிக்கைக்கு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 12, வியாழன்

கடைசிச் சுவரை ஒட்டிய கால்நடை வளர்ப்பு அலமாரி வரை வந்துவிட்டேன். ஆடு, மாடு, கோழி, வெண்பன்றி. யாரும் தொடாத அலமாரி என்பது தூசியிலேயே தெரிந்தது. ஆனால் கீழ்த்தட்டில், கோழி நோய்கள் பற்றிய தடித்த தொகுதிக்குப் பின்னால், தூசியே இல்லாமல் இரண்டு புத்தகங்கள் இருந்தன.

ஒன்று, போட்டித் தேர்வுக்கான கணக்குப் புத்தகம். சிவப்பு அட்டை, பழைய பதிப்பு, வெளியே எடுத்துப் போகக் கூடாது என்ற முத்திரையோடு. முன்பு யாரோ ஒவ்வொரு கணக்குக்கும் ஓரத்தில் பென்சிலால் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். மற்றது ஒரு பெரிய நாவல். அட்டையும் முதல் தாள்களும் போய்விட்டன. முதுகு எண் மட்டும் மிச்சம். நாவலுக்குள் அடையாளத்துக்காக ஒரு நார் வைக்கப்பட்டிருந்தது. வாழைநார், உலர்ந்தது, பூச்சரம் கட்டியது. நுனியில் பிச்சிப்பூக் காம்பு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தாவரப் பொருள்களைத் தாள்களுக்கிடையே வைத்தால் கறை படியும், பூச்சி வரும். எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டேன். இரண்டு புத்தகங்களையும் அவற்றுக்குரிய இடத்தில் சேர்த்தேன்.

நிறைவான நாள்.

ஜூன் 14, சனி

இரண்டாம் சனி, விடுமுறை. எரிவாயு உருளை வந்தது. மாட்டத் தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

இரண்டு புத்தகங்களும் மீண்டும் கோழி நோய்களுக்குப் பின்னால்! யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள். கொஞ்சம் கோபம் வந்தது. இந்த வயதில் இதற்கா என்று வெட்கமும் வந்தது. மறுபடி உரிய இடத்தில் வைத்தேன். இம்முறை கணக்குப் புத்தகத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி முன்தள்ளி.

ஜூன் 18, புதன்

கணக்குப் புத்தகம் இன்று தேர்வு மேசையில், ஐந்தாறு இளைஞர்கள் நடுவே இருந்தது. ஒருவர் விட்டால் அடுத்தவர் எடுக்கிறார். முன்பு இப்படி ஒரு புத்தகம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாதாம். ஒரு நூல் தன் வாசகர்களை அடைந்தது. இந்த ஊரில் நான் செய்த உருப்படியான காரியம் இதுவாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

ஜூன் 19, வியாழன்

நான்கரை மணிக்கு ஒரு பெண் படியேறி வந்தாள். முப்பது வயதுக்குள். சேலையில் சுண்ணக்கட்டித் தூள். நேராகக் கால்நடை அலமாரிக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து, கோழித் தொகுதிக்குப் பின்னால் கையை விட்டாள். வெறுங்கையை எடுத்தாள். மறுபடி விட்டாள், தோள் வரை. பிறகு எழுந்து தேர்வு மேசையைப் பார்த்தாள். சிவப்பு அட்டை அங்கே ஒருவன் முழங்கைக்குக் கீழே இருந்தது. முடித்தால் தருகிறீர்களா என்று போய்க் கேட்டாள். எட்டு மணி வரை எங்களுக்கே நேரம் போதாது அக்கா என்றான்.

திரும்ப அலமாரிக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அழுதாளா என்று தெரியாது. நான் தாவரவியல் வரிசைக்குப் பின்னால் என் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் போகும் வரை வெளியே வரவில்லை.

ஜூன் 21, சனி

ஜெசிந்தா அம்மையாரிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். பெண்ணின் பெயர் முப்பிடாதி. ஒரு தனியார் நர்சரிப் பள்ளியில் ஆசிரியை. நான்கு மணிக்குத்தான் விடுவார்கள். பள்ளி திறந்த வேலையில் சென்ற வாரம் வரை ஆறு மணிக்கு மேல், நான் கிளம்பிய பிறகுதான் வந்திருக்கிறாள். அதற்குள் நல்ல புத்தகமெல்லாம் யார் கைக்காவது போய்விடும் என்பதால், முந்தின நாளே கணக்குப் புத்தகத்தை ஒளித்துவிட்டுப் போவாளாம். விதிப்படி தவறு, தெரிந்தும் தெரியாததுபோல் இருந்ததாகச் சொன்னார். தேர்வு ஜூலை பதின்மூன்றாம் தேதி. இந்த முறை தேறாவிட்டால் அண்ணன் அவளைத் திருப்பூருக்குப் பனியன் தைக்க அனுப்பிவிடுவான். இப்போதே ஆள் பேசி வைத்திருக்கிறான். மற்ற பாடமெல்லாம் அவளுக்கு நன்றாக வரும், கணக்குத்தான் உதைக்கிறது. ஓரத்து விளக்கங்களோடு அந்தப் பழைய பதிப்பு வேறெங்கும் கிடைக்காது.

“ஒளிச்சு வச்சத யாரோ பாத்துட்டாங்க போல. பாவம்,” என்றார். என்னைப் பார்த்தபடிதான் சொன்னார். அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது, மழை வலுத்துவிட்டது என்ற வாக்கியம்.

ஜூன் 22, ஞாயிறு

சோறு குழைந்துவிட்டது. தயிர் விட்டுக் கரைத்துக் குடித்தேன். ஒரு வழி யோசித்திருக்கிறேன். எனக்குத் துணிவு இருக்குமா என்று தெரியவில்லை.

ஜூன் 23, திங்கள்

காலை எட்டு மணிக்கு முன்பே வாசலில் நின்றேன். கதவு திறந்ததும் என்னால் முடிந்த வேகத்தில் படியேறினேன். இளைஞர்கள் முந்திக்கொண்டு ஓடினாலும், முதலில் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கத்தான் போனார்கள். அதற்குள் சிவப்புப் புத்தகம் என் கையில்.

அதை மேசையில் விரித்து மாலை வரை உட்கார்ந்திருந்தேன். மதியம் வாழைப்பழம், அதுவும் ஒரு கையால். இளைஞர்களுக்கு முதலில் வியப்பு, பிறகு எரிச்சல், பிறகு கேலி.

“தாத்தா, நீங்க எந்த குரூப்புக்கு எழுதுதீக?”

“லேய், சும்மா இரு. தாத்தா பாஸாகி நமக்கே ஆபீசரா வந்துருவாரு. இப்பமே வணக்கம் வச்சுக்கோ.”

என் வாழ்நாளில் ஒரு வகுப்பறை முழுவதும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. காது சூடாகிவிட்டது. தலையைக் குனிந்து, ஒரு தொட்டியை இரண்டு குழாய்கள் நிரப்பும் கணக்கைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான்கேகாலுக்கு எழுந்து, நடப்பதுபோல் நடந்து, புத்தகத்தைக் கோழி நோய்களுக்குப் பின்னால் செருகிவிட்டுத் தாவரவியலுக்குப் போய்விட்டேன். நாவலையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். அது யாருடையது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்துத்தானே எடுத்தேன்.

அவள் வந்தாள். கையை விட்டாள். கையை வெளியே எடுக்காமலே சிறிது நேரம் அப்படியே இருந்தாள்.

ஜூன் 24, செவ்வாய்

அதேபோல்.

ஜூன் 26, வியாழன்

அதேபோல். முதுகு வலி. இளைஞர்களில் ஒருவன் தேநீர் வாங்கி வந்து, ஆபீசர் சாருக்கு என்று வைத்தான். பதிலுக்கு இரண்டு மணி நேரம் புத்தகத்தைக் கொடுத்தேன். அவர்களுக்கும் அதே தேர்வுதானே. நான்குக்கு முன் கேட்டு வாங்கிவிட்டேன். கேட்டு வாங்கியது நான்தானா என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

ஜூன் 30, திங்கள்

இன்று பள்ளி சற்று முன்பே விட்டுவிட்டது போலிருக்கிறது. நான் குனிந்து புத்தகத்தைச் செருகும்போதே பின்னால் வந்து நின்றாள்.

நான் ஏதேதோ உளறினேன். அவள் சிரித்துவிட்டாள். என்னைத் திருடன்போல் பிடித்துவிட்டதாக அவளுக்கு வருத்தம். ஜெசிந்தா அக்கா சொல்லித்தான் நான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நன்றி சொன்னாள். நான் மறுக்கவில்லை. நாவலைக் காட்டி, இதுவும் உன்னுடையதா என்று கேட்டேன்.

அது தன்னுடையதில்லையாம். இந்த இடத்தைத் தனக்குக் காட்டியதே ஓர் அம்மாவாம். தினமும் நான்கு மணிக்கு வருவார்கள், இதே அலமாரிக்குக் கீழே தரையில் காலை நீட்டி உட்கார்ந்து படிப்பார்கள், ஆறு மணிக்கு வீட்டுக்காரருக்குக் காப்பி போட வேண்டும் என்று எழுந்துவிடுவார்கள்.

வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கலாமே என்று கேட்டேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

“நானும் கேட்டேன் சார். வீட்டுல படிச்சா அவுக வீட்டுக்காரரு அடுக்கிருவாராம். செத்த நேரம் அடுக்களைக்குப் போயிட்டு வந்தா, புத்தகம் அலமாரியில ஏறிருக்குமாம். அடையாளத்துக்கு வச்ச நாரயும் உருவிப் போட்டுட்டு, பக்க எண்ண மனசுல வச்சுக்கிட முடியாதான்னு கேப்பாராம். திட்டலாம் மாட்டாராம். நல்ல மனுசன்தானாம். அடுக்குவாராம், அம்புட்டுத்தான்.” அவள் நாவலைப் புரட்டினாள். “தையில இருந்து அவுக வரல. மக வீட்டுக்குப் போயிருப்பாக. வந்தா எங்க விட்டோம்னு தெரியணும்லா, அதான் நாரோட அப்படியே வச்சிருந்தேன். இப்பம் நாரயும் காணும். எந்த மடையன் எடுத்தான்னு தெரியல.”

அவளுக்குக் கணக்குப் போட நேரமாகிறது என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

பக்க எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ள முடியாதா என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்டிருக்கக்கூடியவன்தான்.

ஜூலை 1, செவ்வாய்

போகவில்லை.

ஜூலை 2, புதன்

போனேன். புத்தகத்தை வேறு யார் பிடித்து வைப்பது? நேற்று அது முழுநாளும் இளைஞர்களிடமே இருந்ததாம். அவள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். இனி ஒரு நாளும் தவறக் கூடாது.

குப்பைக்கூடையைப் பார்த்தேன். அது அன்றன்றைக்கே காலி செய்யப்படுவது எனக்குத் தெரியும். இருந்தும் பார்த்தேன்.

ஜூலை 5, சனி

கணக்குப் புத்தகத்தை ஒரு முழங்கைக்குக் கீழே வைத்துக்கொண்டு, நாவலை ஒவ்வொரு தாளாகப் பார்க்கிறேன். நார் இருந்த இடத்தில் பழுப்புக் கறையாவது படிந்திருக்கும் அல்லவா. கறை படியும் என்றுதானே எடுத்தேன். ஒரு தாளிலும் இல்லை. உலர்ந்த நார் கறை படுத்தாது என்பது தாவரவியல் படித்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

முப்பிடாதி தினமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் உட்காருகிறாள். தொட்டிக் கணக்கு வந்துவிட்டதாம், வட்டிக் கணக்கு இன்னும் இழுக்கிறதாம். அந்த அம்மா இருந்தால் பொட்டுக்கடலை கொடுத்து, வாயை அசைத்துக்கொண்டே போடு, வரும் என்பார்களாம். இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் தேர்வு ஞாயிற்றுக்கிழமை. இப்போது அவள் மனத்தைக் கலைப்பது சரியல்ல. இது அவளுக்காக யோசித்ததா, எனக்குக் கிடைத்த சாக்கா என்று பிரித்தறிய முடியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

தேர்வு. காலையிலிருந்து மழை. அவள் மையம் தென்காசியில், பேருந்து கிடைத்திருக்கும்.

வடிவின் பொட்டுக்கடலை டப்பாவை எடுத்துப் பார்த்தேன். பாதி இருக்கிறது. இது எதற்கு இவ்வளவு வாங்குகிறாய் என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

முப்பிடாதி வந்தாள், கையில் அல்வாப் பொட்டலம். கணக்கில் கடைசி இரண்டு மட்டும் சந்தேகமாம். மற்றதெல்லாம் போட்டுவிட்டாளாம். முடிவு வரும் வரை அண்ணனும் வாய் திறக்கமாட்டான் என்றாள். ஜெசிந்தா அம்மையாருக்கும் இளைஞர்களுக்கும் கொடுத்துவிட்டு, எனக்குக் கொடுக்கக் கால்நடை அலமாரிக்கு வந்தாள். ஒரு துண்டைத் தனியாகத் தாளில் மடித்தாள். அந்த அம்மாவுக்காம். நாளையோ மறுநாளோ வந்துவிட்டால் இருக்கட்டும் என்றாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“அவ வரமாட்டாம்மா,” என்றேன். “தை மாசம் தவறிட்டா. நார எடுத்துப் போட்ட மடையன் நான்தான். வீட்டுல அடுக்குன ஆளும் நான்தான்.”

ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள், வடிவு உட்கார்ந்த அதே இடத்தில்.

“நான் கோவமா இருந்தேன் சார்,” என்றாள். “ஒரு வார்த்த சொல்லாம போயிட்டாகளேன்னு.”

பிறகு அவளே நாவலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அன்றன்று படித்த கதையை வடிவு பேருந்து நிறுத்தம் வரை சொல்லிக்கொண்டே வருவாளாம். கடைசியாகச் சொன்னது, தம்பிக்காரன் கொழும்புத் தோணி ஏறப்போவது. அக்காள் கரையில் நிற்கிறாள், கட்டுச்சோற்றைக் கொடுக்க மறந்துவிட்டாள். கொடுத்தாளா என்று கேட்டதற்கு, நாளைக்குப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். மறுநாள் வரவில்லை.

நாங்கள் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தோம். நீளமான அத்தியாயம், தோணி பக்கம் பக்கமாக நங்கூரம் எடுக்கிறது. நிறுத்தியது அதற்குள் எங்கோ. எந்தப் பக்கம் என்பது முப்பிடாதிக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும். நாரை உருவும்போது பக்க எண்ணைப் பார்த்திருந்தால்.

ஜூலை 17, வியாழன்

பூக்காரம்மாவிடம் பூ வேண்டாம், நார் மட்டும் போதும் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கிழித்துக் கொடுத்தார்.

நான்கு மணிக்குப் போய் மேல்தளத்தில் தரையில் உட்கார்ந்தேன். எழும்போது யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கும், பரவாயில்லை. தோணி அத்தியாயத்தின் முதல் வரியிலிருந்து படித்தேன். மெதுவாகத்தான் படிக்கிறேன். அக்காள் கட்டுச்சோற்றைக் கொடுத்தாளா என்பது இன்னும் வரவில்லை. முப்பிடாதி இரண்டு முறை வந்து கேட்டுவிட்டாள்.

ஆறு மணிக்கு நாரை வைத்து மூடினேன். நாவலின் முதுகு எண்ணைப் பார்த்தேன். அது சொல்லும் இடம் இரண்டு வரிசை தள்ளி, வெளிச்சத்தில், தூசி துடைத்துக் காலியாக இருந்தது. நானே ஒதுக்கி வைத்த இடம். புத்தகத்தைக் கோழி நோய்களுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் செருகினேன்.

வீட்டுக்கு வந்து இந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் பார்த்தேன். ஒரு புத்தகத்துக்கு ஓர் இடம்தான் உண்டு என்ற ஐந்தாவது குறிப்பு தவறு.